கரண்டக்காவும் மூன்றாம் கியரும்

பானெட்டைத் திறப்பதற்கு முன் கரண்டக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். செருப்பைக் கழற்றி, வெறும் பாதத்தை வண்டியின் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, "ஓட்டுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்பார். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் கால் கட்டைவிரல் மட்டும் லேசாகத் தூக்கும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை மாற்றுவது நம் கையல்ல. ஒரு சின்னக் கணினிப்பெட்டி ஒயர் வழியாக உத்தரவு போடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மின்வால்வுகள் அதன்படி திறந்து மூடும். அந்த உத்தரவு வழியில் எங்கே காணாமல் போகிறது என்று தேடுவதுதான் அக்காவின் தொழில்; பேரோடு 'கரண்ட்' ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். பட்டறையின் மறுபாதி அவருடைய கணவருடையது. கணவருக்குக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். அக்காவுக்கோ பிரிக்காமலே கண்டுபிடித்தால்தான் தூக்கம் வரும். வீட்டிலும் இதே கூத்துதானாம். "டிவி ரிமோட் மக்கர் பண்ணா அப்பா ஸ்க்ரூடிரைவரைத் தூக்குவாரு, அம்மா அவர் கையைப் புடிச்சுக்குவாங்க" என்று அவர்கள் மகள் சொல்லிச் சிரித்தாள்.

அடக்கம் என்பது அக்காவிடம் மருந்துக்கும் கிடையாது. கோளாறு அகப்பட்டுவிட்டால், "மாட்டுனியா!" என்று எதிர்ப்பக்க டயர் கடைவரை கேட்கக் கத்துவார். மீட்டரை "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். மின்பாதை ஒழுங்காக இருந்தால் அது 'பீப்' என்று விடாமல் கூவும்; அறுந்திருந்தால் மௌனம். ஒயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து, காதைத் திருகுவதுபோல் இழுத்துப் பார்ப்பார். "வெளியில பார்த்தா எல்லாப் பயலும் நல்லவன்தான்" என்பார்.

அப்படிப்பட்டவரைப் போன வாரம் ஒரு வண்டி பாடாய்ப் படுத்திவிட்டது. வண்டிக்காரர் வாடகைக்கு ஓட்டுகிற இளைஞர்; உறவில்லை என்றாலும் அக்கா வாய்க்கு அவர் 'தம்பி'. இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. கிளட்ச் மிதிக்கிற வண்டி அவருக்குச் சரிப்படாது. இந்த வண்டியோ மேடு ஏறும்போதெல்லாம் டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டிவிட்டு, மூன்றாம் கியரில் உட்கார்ந்து அடம்பிடித்தது. ஒரு மின்வால்வுக்குப் போகும் பாதை அறுந்திருப்பதாகக் கணினி சொன்னது. அக்கா பலமுறை சோதித்தார். நின்ற இடத்தில் எல்லாம் ஒழுங்கு. கணவர் அந்த மின்வால்வையே புதிதாக மாற்றிக் கொடுத்தார். அடுத்த மேட்டிலேயே மறுபடி அதே அடம். வண்டிக்குப் பணம் போட்டிருந்த தம்பியின் மச்சான் பொறுமையிழந்து, பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம் பேசி முடித்துவிட்டார். சாயங்காலம் இழுவை வண்டி வரும்.

"மச்சான் குடோன்ல காவலுக்கு உக்காரச் சொல்றாருக்கா" என்றார் தம்பி. "ரோட்டைப் பார்க்காம என்னால இருக்க முடியுமா?"

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே பின்சீட்டில் ஏறினார். என் காரின் ஜன்னல் சுவிட்சுக்காக வந்திருந்த நானும் தொற்றிக்கொண்டேன். அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபிறகு ஜன்னலாவது சுவிட்சாவது!

சமதரையில் கட்டைவிரல் ஒழுங்காகத் தூக்கியது. மேடு ஏறத் தொடங்கியதும் ஒரு வெட்டு, விளக்கு சிமிட்டியது. அக்கா கண்ணைத் திறந்தார்.

"நிக்கும்போது நல்லா இருக்கான், ஏறும்போதுதான் கெடுறான். ஏறும்போது எஞ்சின் உடம்பை முறுக்கும்ல? கியர்பாக்ஸும் கூடவே முறுக்கும். வண்டியைத் திருப்புங்க தம்பி!"

பட்டறையில் எஞ்சினை அணைத்து, கணினிப்பெட்டியைக் கழற்றி, அதன் ஒயர் முனையில் மீட்டரை மாட்டினார். பீப் என்று கூவத் தொடங்கியது. கணவர் கையில் ஒரு கடப்பாரையைத் திணித்தார்.

"என்னங்க, எஞ்சினை இப்படி நெம்புங்க."

"நெம்பி என்னத்தைக் காணப்போறே? கியர்பாக்ஸ் உள்ள தேஞ்சு போச்சும்மா. எழுதியே தரேன்."

"எழுத வேணாம். நெம்புங்க."

நெம்பினார். பீப் நின்றது. விட்டார். கூவியது. மறுபடி நெம்பினார். மறுபடி மௌனம். தம்பி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். கியர்பாக்ஸுக்கு இறங்கும் ஒயர்க்கட்டு, வண்டியின் உடம்போடு ஒரு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முன்பு எண்ணெய்க் கசிவுக்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது கணவர் போட்ட கட்டு. அவர் கட்டினால் அவ்வளவு நறுவிசாக இருக்கும். அதைச் சந்தேகப்பட அக்காவுக்கே தோன்றவில்லை. மேலே இருந்து அவர் இழுத்துப் பார்த்தபோதெல்லாம் அந்தக் கட்டு இழுப்பைத் தான் வாங்கிக்கொண்டு கீழே இருந்த ஒயரை மறைத்துவிட்டது. வெளித்தோல் முழுசாக இருக்க, எஞ்சின் முறுக்கும்போதெல்லாம் இழுபட்டு உள்ளே செம்பு அறுந்து, முனையோடு முனை ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது.

"மாட்டுனியா!"

டயர் கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்னங்க, இது யாரு போட்ட கட்டு?"

கணவர் கடப்பாரையைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தார். "அழகாத்தானே இருக்கு."

"அழகுதான். மூச்சு முட்டுற அழகு."

அறுந்த இடத்தை வெட்டி, புது ஒயரைப் பற்றவைத்து, எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் எட்டும்படி தளர்வாக விட்டார். டார்ச் பிடித்தது கணவர்தான். வேலை முடிவதற்கும் மச்சான் இழுவை வண்டியோடு வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க, எடை பத்தலை. ஏறுங்க" என்று மச்சானையும் பின்சீட்டில் எங்களோடு திணித்துவிட்டு, அக்கா முன்னால் உட்கார்ந்தார். வண்டி மேட்டைப் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. செங்குத்தில் தானாகவே இரண்டுக்கு இறங்கி உறுமிக்கொண்டு ஏறியது. விளக்கு சிமிட்டவில்லை. உச்சியில் மச்சானே போனை எடுத்து, "நீங்க கிளம்புங்க, வண்டி குடுக்கறதா இல்லை" என்று இழுவைக்காரரிடம் சொன்னார்.

அங்கேயே தம்பிக்கு ஒரு சவாரி வந்தது. எங்களை இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தார். அக்கா நடுரோட்டில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வண்டி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரிக்காரர் பொறுக்க முடியாமல் ஹாரனை நீளமாக அழுத்தினார். அக்கா நிதானமாகத் திரும்பி, கிரீஸ் கையை நெஞ்சில் வைத்து, மேடையில் பாராட்டு வாங்குகிறவர்போல் லாரிக்குத் தலை வணங்கினார்.