பவுடரும் முந்நூற்று நாற்பது கட்டங்களும்

அலுவலகங்களில் அவனுக்குப் பவுடர் என்று பெயர். நகல் எடுக்கும் இயந்திரம் மக்கர் செய்தால், "பவுடரைக் கூப்பிடு" என்பார்கள். மசித்தூள் நகக்கண்ணில் ஏறி இருபது வருடமாகிறது, எந்தச் சோப்புக்கும் இறங்கவில்லை. கணக்குப் பாடத்தில் மூன்று தடவை கவிழ்ந்து பத்தாம் வகுப்போடு நின்றவன். இவன் தேற மாட்டான் என்று வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் சொன்னபோது, அக்கா ஒருத்திதான் வாயைத் திறக்காமல் அவன் பிரித்துப் போட்ட ரேடியோவின் திருகாணிகளை ஒரு டப்பாவில் பொறுக்கி வைத்தாள். ஒன்றுகூடத் தொலையவில்லை.

அக்காவுக்கும் படிப்பு ஏழாவதோடு சரி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. பிசிறு நூல், இறங்கிய பொத்தான், கோணல் காலர் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தம்பியையும் அவள் அப்படித்தான் பார்த்து வந்தாள். குறை ஒன்று கிடைக்குமா என்று தேடியும், கிடைத்தால் யாருக்கும் தெரியாமல் கத்தரித்துவிட்டும்.

தம்பியிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த அலுவலகத்தில் வேலை முடித்தாலும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கி ஒருமுறை பார்ப்பான். யாராவது நகலை எடுத்துக்கொண்டு மூலத்தைக் கண்ணாடி மேலேயே விட்டுப் போயிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், ஒருமுறை விவாகரத்து மனு. அதைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், "ஒரிஜினலை விட்டுட்டீங்களே, இது யாரோடது?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவான்.

அவன் அறையில் ஒரு கணினி இருந்தது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட மூன்றைப் பிரித்து ஒன்றாகக் கட்டியது. அதில் ஓடுவது எல்லோருக்கும் பொதுவான லினக்ஸ் இயங்குதளம். "இதுக்கு முதலாளின்னு யாரும் கிடையாது மாமா. எங்கெங்கயோ உக்காந்து எழுதி, எடுத்துக்கோங்கன்னு வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று அக்காவின் கணவரிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னான்.

"ஓசின்னு சொல்லு மாப்பிள. எதுக்குச் சுத்தி வளைக்கிற?" என்றார் அவர்.

அவருக்கு அப்போது குரல் இருந்தது. சாதாரணக் குரலா அது? பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் இருபத்தாறு வருடம் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன குரல். தினமும் காதில் விழுகிறதே என்று யாரும் அதைப் பதிந்து வைக்கவில்லை.

தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும், ஒன்பது நாளில் அறுவை என்று மருத்துவர் சொன்ன அன்று, தம்பி ஒரு டேப்லெட்டோடு வந்து நின்றான். அதில் ஒரு செயலி. திரை நிறையக் கட்டங்கள். கட்டத்தைத் தொட்டால் அதற்குள் பதிந்த வார்த்தை பேசும். "உங்க குரல்லயே பதிஞ்சிடலாம் மாமா. அப்புறம் விரல் பேசும்."

ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்துவிட்டு, திறந்த துணி அலமாரிக்குள் தலையை நீட்டிக்கொண்டு எட்டு நாள் பதிந்தார்கள். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கத் தம்பி சொன்ன யோசனை அது. கோடு போட்ட நோட்டில் அக்கா எண் போட்டு எழுதினாள். ஒன்று, தண்ணி. இரண்டு, மின்விசிறியைப் போடு. நூற்றுப் பதினேழாவது அவர் அடம்பிடித்துச் சேர்த்தது: "மாப்பிள, நீ ஒரு வெத்துவேட்டு."

"இது எதுக்குங்க?"

"நாளைக்கு அவனைத் திட்டணும்னா நான் எங்க போவேன்?"

வலி, மூச்சு, பயம் என்ற பக்கத்தை மட்டும் அவர் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசி நாள் மத்தியானம்தான் அதற்கு வாய் திறந்தார். முந்நூற்று முப்பது முதல் முந்நூற்று நாற்பது வரை, பதினொரு கட்டங்கள். பதிந்து முடித்ததும் அலமாரியிலிருந்து தலையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நான்கு வருடம் விரல் பேசியது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டைகூடப் போட்டது. பிறகு டேப்லெட் நோய்வாய்ப்பட்டது. பேட்டரி வீங்கி முதுகு பிளந்துகொண்டது. சார்ஜ் ஏற்றும் வாய் ஆடியது. கம்பியை எடுத்தால் அந்த நொடியே அணைந்தது.

அக்கா புது டேப்லெட் வாங்கினாள். கடைக்காரப் பையன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தச் செயலியைச் செஞ்ச கம்பெனியே மூடிட்டாங்க. இப்ப எங்கயும் கிடைக்காது. வேற போட்டுத் தரேன், இதுவும் பேசும்" என்றான். பேசியது. ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது போல, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தார். மூன்று நாள் அந்தச் சிலேட்டிலும் ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டேப்லெட்டையும் நோட்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு அக்கா தம்பியின் அறைக்குப் போனாள்.

"முன்வாசலைப் பூட்டிட்டாங்கன்னா என்ன? பக்கவாசல் இருக்கு" என்றான் தம்பி. "பழசுல இருக்கற செயலியை இந்தக் கணினிக்கு இறக்கி, இங்கிருந்து புதுசுல ஏத்திடறேன். கடையே வேண்டாம்."

அதற்கு முதலில் டேப்லெட்டின் உள்கதவைத் திறக்க வேண்டுமாம். அமைப்புகளுக்குள் போய், அதன் பதிப்பு எண் எழுதியிருந்த வரியை ஏழு தடவை தட்டினான். நீங்கள் இப்போது டெவலப்பர் என்று திரை சொன்னது.

"ஏழு தட்டுக்கே டெவலப்பரா? நான் ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போனேன், என்னை யாரும் ஒண்ணும் சொல்லலையேடா."

"நீ சரியான இடத்துல தட்டலக்கா."

அவர் தோள் குலுங்கியது. அவருடைய சிரிப்பு இப்போது அவ்வளவுதான்.

பழைய டேப்லெட்டின் வாயில் கம்பி நிற்கவில்லை. அக்கா கட்டைவிரலால் ஓரமாக அழுத்திப் பிடித்தாள், பிடித்தது. இந்தக் கணினியை நம்பலாமா என்று டேப்லெட் கேட்டது, நம்பலாம் என்று தொட்டான். கறுப்புத் திரையில் தம்பி வரிவரியாகத் தட்டெழுதினான். கணக்கில் மூன்று தடவை கவிழ்ந்த அதே விரல்கள்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை என்பதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். செயலி கணினிக்கு இறங்கியது. புது டேப்லெட்டை மாட்டி ஏற்றினான். வெற்றி என்று ஒரு வரி வந்தது.

திறந்தார்கள். அதே செயலி, அதே முகப்பு. ஆனால் ஒரு கட்டம்கூட இல்லை.

"குரல் எங்கடா?"

தம்பி துணியை எடுத்துக் கை துடைத்தான். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"செயலி வேற, அதுக்குள்ள பதிஞ்சது வேறக்கா. பதிஞ்சதைத் தன்னோட அறையில பூட்டி வச்சிருக்கும். அதைத் தனியா எடுக்கணும்."

"அதான் அப்பவே நீ இந்தக் கணினிலயும் போட்டு வச்சியே. அதை எடு."

அவன் நிமிரவில்லை. "இல்லக்கா. இடம் பத்தலைன்னு அன்னிக்கே அழிச்சிட்டேன். அதான் டேப்லெட்ல ஏறிடுச்சேன்னு நெனச்சேன்."

ஊர் முழுக்க மூடியைத் தூக்கிப் பார்த்து, உங்கள் மூலத்தை விட்டுவிட்டீர்கள் என்று மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன். நான்கு வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். அந்தக் குரல் மொத்தமும் இப்போது இருப்பது முதுகு பிளந்த இந்தப் பலகைக்குள் மட்டும்தான். அவள் கட்டைவிரல் எடுத்தால் அணைந்துவிடுகிற பலகை.

அக்காவுக்குத் திட்ட வாய் வந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் சிலேட்டில் எழுதித் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "வேலையைப் பாருடா."

தம்பி மறுபடி ஒரு வரி தட்டெழுதினான். செயலியின் பூட்டிய அறையையே ஒரு மூட்டையாகக் கட்டிக் கணினிக்கு அனுப்பச் சொல்லும் கட்டளை அது. டேப்லெட் அனுமதி கேட்டது, கொடுத்தான். "எவ்வளவு நேரம்னு சொல்லாதுக்கா. மூட்டையோட எடை ஏறறதை மட்டும் நான் பார்க்க முடியும். கையை அசைக்காத."

அக்கா அசைக்கவில்லை. டேப்லெட் சுட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் கட்டைவிரல் மரத்தது. இருபதாவது நிமிடத்தில் முழங்கையில் ஏறியது. அவர் எழுந்து வந்து அவள் முழங்கைக்குக் கீழே தன் கையை அணையாகக் கொடுத்தார். மாற்றிப் பிடிக்கலாம் என்று ஜாடை காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள். கை மாறும் இடைவெளிதான் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏறுதாடா?"

"ஏறுது. முக்கால்வாசி வந்திருக்கும்."

"இப்ப?"

"பேசாதக்கா, கை ஆடுது."

முப்பத்தெட்டாவது நிமிடத்தில், அவள் எதுவும் செய்யாமலேயே, விரல் தானாக ஒருமுறை துடித்தது. தசை இழுத்த துடிப்பு, அவ்வளவுதான். திரை கறுத்தது. கம்பியை மறுபடி அழுத்தினாள், திருப்பி அழுத்தினாள். தம்பி வாங்கிப் பார்த்தான். அன்று முழுக்க முயன்றும் அது எழவில்லை.

"நான்தான் விட்டுட்டேன்" என்றாள்.

"நீ விடலக்கா. நாலு வருஷத்துக்கு முன்னாடியே விட்டது நான்."

மூட்டை அறுந்த நிலையில் கணினியில் கிடந்தது. அப்படியே ஏற்றினால் புது டேப்லெட் ஏற்காது. தம்பி இரண்டு நாள் விடுப்புப் போட்டான். மூட்டையைப் பிரித்து, முழுதாக வந்த குரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அறுந்த நுனியை வெட்டிவிட்டு, மீண்டும் கட்டினான். அக்காவின் வேலையைப் போலவே இருந்தது அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புது டேப்லெட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்தாள் அக்கா. அவர் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார். தண்ணி, சரி. மின்விசிறியைப் போடு, சரி. நூற்றுப் பதினேழு வந்ததும் தம்பியின் பக்கம் திரும்பித் தொட்டார்.

"மாப்பிள, நீ ஒரு வெத்துவேட்டு."

கண்ணாடி அறையிலிருந்து வந்த அதே கணீர்க் குரல். தம்பி, "ஆமா மாமா" என்றான்.

முந்நூற்று இருபத்தொன்பது வரை எல்லாவற்றுக்கும் அக்கா சரி போட்டாள். அடுத்த கட்டம் பேசவில்லை, அதற்கடுத்ததும் பேசவில்லை. கடைசிப் பக்கம் மூட்டையின் கடைசியில் இருந்திருக்கிறது. வலிக்குது, மூச்சு முட்டுது, பயமா இருக்கு எல்லாம் போயிருந்தன. பதினொன்றுக்கும் நேரே இல்லை என்று எழுதினாள். அந்தச் சொற்களை அவர் அலமாரிக்குள் சொன்னபோது அவள் வெளியே நின்று கேட்டிருக்கிறாள். அவை போனதற்கு வருந்துவதா வேண்டாமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அவைதான் அவசரத்துக்கு வேண்டியவை. அவர் சிலேட்டில் எழுதினார். "நீ பதிஞ்சு குடு மாப்பிள."

"என் குரல்லயா?"

"வேற யார் இருக்கா?" என்று அதற்குக் கீழே எழுதினார்.

தம்பி அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே தலையை நீட்டினான். முதல் தடவை வாசிப்பது போல வந்தது. அவர் சிலேட்டால் அவன் முதுகில் தட்டி, திரும்பியவனிடம் எழுதியதைக் காட்டினார். "வலிக்கிற மாதிரி சொல்லுடா." மறுபடி சொன்னான். இந்தத் தடவை சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து வந்து நின்றவனின் குரலில், தன்னை அறியாமல், "அக்கா, வலிக்குது" என்றுவிட்டான்.

"ஐயோ, அக்கான்னு வந்துடுச்சு. அழிச்சிட்டு வேற எடுக்கறேன்."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று விரலை ஆட்டினார்.

தம்பி முந்நூற்று நாற்பதையும் மூன்று இடத்தில் நகல் எடுத்தான். ஒன்று அவன் கணினியில். ஒன்று அவன் தங்கியிருந்த வீட்டுக்காரரின் இரும்புப் பெட்டியில். மூன்றாவது நகலை விரல்நீள பென்டிரைவ் குச்சியில் ஏற்றி, ஒரு உறையில் போட்டு, "ஒரிஜினல்" என்று எழுதி அக்காவிடம் கொடுத்தான். அவள் அதைப் பழைய திருகாணி டப்பாவுக்குள் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்ட ஒரு நாள் அக்கா துணிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, வலிக்குது."

சட்டை மேல் இருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தம்பி அந்த நேரம் ஊரின் மறுகோடியில் ஏதோ அலுவலகத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டிருப்பான் என்பது ஞாபகம் வருவதற்குள் கால் ஓடத் தொடங்கிவிட்டது.

"இதோ வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டினாள்.

கட்டிலில் அவர் ஒரு கையால் கழுத்தைப் பிடித்தபடி, மறு கையின் விரலைக் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தார். அவள் சொன்ன டா அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நெற்றி வலியில் சுருங்கியிருந்தது, தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துவிட்டு, வலிக்கும் இடத்தைப் பார்த்தாள்.