தாதாவுக்கு என் தம்பியின் உடம்பு

என் தம்பி நகரத்துக்கு வெளியே இருக்கும் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது, வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்த வாரத்தில். அவனைக் கேட்டால் ஆடி மாதம் என்பான். ஆடி இல்லை. முதல் நாள் அவன் நனைந்த சட்டையோடு திரும்பி வந்தபோது நாங்கள் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தோம். ஆடியில் எங்கள் வீட்டில் பலா உரித்ததே கிடையாது. நான் எதையும் இப்படி வேறொன்றோடு முடிச்சுப் போட்டுத்தான் நினைவில் வைப்பேன். வலியசாலையில், மலையாள ஊருக்கு நடுவே இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவில் எந்த வீடு எப்போது ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டது, யார் எந்தத் திருவிழாவுக்கு முந்தி வீட்டை விற்றுக்கொண்டு பெங்களூர் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வங்கி வேலையில் இருப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிக்கிறவர்களே, "எங்காத்துச் சின்னவன் பூணூல் எந்த வருஷம், ஓர்மை இருக்கோ?" என்று பிறகு வந்து கேட்பார்கள்.

தம்பியின் வேலை, ஒரு வீடியோ கேமின் கதாநாயகனுக்கு உடம்பு கொடுப்பது. முகம் வேறு யாரோ வரைந்தது, குரலும் வேறு யாருடையதோ. நடப்பது, ஓடுவது, சுவர் ஏறுவது, அடிப்பது, அடி வாங்கி விழுவது மட்டும் இவன். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. அதில் மூட்டுக்கு மூட்டு நெல்லிக்காய் அளவு வெள்ளைக் குண்டுகள். கூடத்தைச் சுற்றி மேலே பொருத்திய கேமராக்கள் அந்தக் குண்டுகளை மட்டும் பார்க்கும். இவன் கையைத் தூக்கினால் கணினிக்குள் இருக்கும் உருவமும் கையைத் தூக்கும்.

அந்த உருவம் ஒரு துறைமுக நகரத்துத் தாதா. பிடிபட்டதும், ஆயுள் முழுக்கச் சிறையா அல்லது எங்களுக்கு உளவு வேலையா என்று அரசாங்கம் கேட்கிறது. அவன் உளவைத் தேர்ந்தெடுக்கிறான். முன்பு காரில் போய் இறங்கி அதிகாரம் செய்த இடங்களுக்குள் இப்போது பின்பக்க ஜன்னல் வழியாக நுழைய வேண்டும். கதை அவ்வளவுதான்.

தம்பி அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தான். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்கள். சிறு வயதிலிருந்தே களரி பழகியவன். நாற்பதைத் தாண்டியும் நின்ற இடத்திலிருந்து இடுப்புயரம் தாவுவான். அதைப் பார்த்துத்தான் அந்த ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது. ஆனால் வேலை நிரந்தரமில்லை. விளையாட்டை வாங்கி வெளியிடப்போகும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால் இவனுக்கு நிரந்தர வேலை. வேண்டாம் என்றால் மஸ்கட். அங்கே தம்பி மனைவியின் அண்ணா ஒரு கிடங்கில் பெரிய பொறுப்பில் இருந்தார். மேற்பார்வையாளர் இடம் ஒன்றை இவனுக்காகத் தீபாவளி வரை பிடித்து வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் இருக்கும் மகளையும் மனைவியையும் இங்கே விட்டுவிட்டு இவன் மட்டும் போக வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் மனைவி தனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லவே இல்லை. தம்பானூர் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். ரிசல்ட் வருவதற்கு முன்னால் எதையும் பேசமாட்டாள். கேலி மட்டும் செய்வாள்.

"அக்கா, உங்க தம்பி அங்க பெரிய தாதாவாக்கும். ஆத்துல சமையல் உள்ளுக்குப் பூனை வந்துட்டா என்னக் கூப்படறார்."

"பூனைய அடிக்கற சீன் இன்னும் வரலடி," என்பான் இவன்.

ஓணத்துக்கு முந்தைய மாதத்தில், இரண்டாம் சனிக்கிழமையன்று, நானும் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். மாதிரியை அனுப்புவதற்கு முன், விளையாடவே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். "எங்க அக்காவ விட்டா ஆளில்ல" என்று தம்பி சொல்லியிருக்கிறான். நெடுஞ்சாலை நெரிசலில் பேருந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. இயக்குநர் கொல்லத்துப் பெண், என் தம்பியை விடப் பல வயது சின்னவள். என்னைச் சேச்சி என்று அழைத்து, கையில் பொத்தான்கள் வைத்த கருவியைக் கொடுத்து, எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

முதலில் நான் தாதாவைச் சுவரில் முட்டினேன். திரும்பி இன்னொரு சுவரில் முட்டினேன். பின்னால் நின்ற தம்பி, "எனக்கு வலிக்கறதுக்கா," என்றான். ஒருவழியாக ஜன்னல் வழியே ஆவண அறைக்குள் நுழைந்தேன். அலமாரிகளைத் திறந்து எதையோ தேட வேண்டும். அலமாரி சரிந்து காகிதங்கள் தரையெங்கும் கொட்டும். காவலாட்கள் சுடுவார்கள். காகிதங்கள் மேல் ஓடித் தப்பிக்க வேண்டும். நான் தப்பிக்கவில்லை, திரும்பத் திரும்பச் சுடப்பட்டு இறந்தேன். அதனால் அந்த அறையை நன்றாகப் பார்க்க முடிந்தது. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் போட்டிருந்த மாதம் அந்த வருஷத்தில் புதன்கிழமை தொடங்கவே தொடங்காது. அதைச் சொன்னேன். இயக்குநர் சரிபார்த்துவிட்டு, "ஐயோ, ஆரும் கண்டில்லல்லோ!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கடிகாரமும் வெளியே விழும் நிழலும் ஒத்துப்போகவில்லை, அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் திருத்தினார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரம் மாதிரி வெளிநாடு போனது.

பதில் புரட்டாசியில், நவராத்திரி கொலு வைத்த பிறகு வந்தது. பொதுவாக நன்றாக இருக்கிறது என்று தொடங்கி, ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்கள். ஆவண அறையில் காகிதத்தை மிதித்ததும் கதாநாயகன் குனிந்து, காகிதத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் கண்களில் வைத்துக்கொள்கிறானே, எதற்கு? அழுகிறானா? கண்ணில் ஏதாவது கோளாறா? கதையில் அப்படி ஒன்றும் இல்லையே. இதை எடுத்துவிட்டு அந்த ஓட்டத்தை மறுபடி பதிவு செய்து அனுப்பினால்தான் முடிவு சொல்ல முடியும்.

தம்பி அந்தக் காட்சியைத் தன் கைபேசியில் கொண்டுவந்து காட்டினான். சுற்றிலும் துப்பாக்கி வெடிக்கிறது. தாதா ஓடுகிறான். கால் காகிதத்தில் படுகிறது. ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு குனிவு, வலக்கை விரல்கள் காகிதத்தைத் தொடுகின்றன, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கின்றன, மறுபடி ஓட்டம். அத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். அதைப் பதிவு செய்தவர்கள், வெட்டி ஒட்டியவர்கள், நிறம் சேர்த்தவர்கள் எல்லோரும் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. பத்திரிகையோ புத்தகமோ காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவர் அந்த ஸ்டூடியோவில் யாருமில்லை. நானும் அத்தனை தடவை அந்த அறையில் செத்தவள்தான். நான் பார்த்தது காலண்டரை.

தம்பி எப்போது நடக்கத் தொடங்கினான், எந்தத் திருவிழாவின்போது சைக்கிளில் விழுந்து முன்பல் உடைந்தது என்பதெல்லாம் என்னால் சொல்ல முடியும். அவன் கை இந்தக் காரியத்தை எப்போது கற்றுக்கொண்டது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்கே எப்போது வந்தது என்றும் தெரியவில்லை.

மறுபதிவுக்கு அவர்கள் கொடுத்த கெடு அந்த வாரக் கடைசியோடு முடிந்தது. ஸ்டூடியோவில் கூடம் ஒழிந்து கிடைத்தது ஒரே ஒரு நாள்தான், நவமி. இந்த ஊரில் அது பூஜைவைப்புக்கு நடுவில் வரும் நாள். அஷ்டமியன்றே புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பூஜையில் வைத்துவிடுவார்கள். தசமி காலையில் எடுக்கும் வரை யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. செய்தித்தாளைக்கூட மடித்தபடியே வைத்திருப்போம். அன்றைக்குப் போய்க் காகிதத்தை மிதிக்க வேண்டும், அதுவும் நன்றாகத் தெரிகிற மாதிரி மிதிக்க வேண்டும்.

நவமி காலையில் நான் அவன் வீட்டுக்குப் போனபோது காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பூஜை உள்ளில் பட்டுத் துணி விரித்து மகளின் பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"நாளைக்கு வெச்சுக்கலாம்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான் தம்பி.

"கேளுங்கோ," என்றாள் அவன் மனைவி. "நவமின்னா என்னன்னு அவாளுக்கு நீங்கதான் வெளக்கணும்."

"ஸ்கூல்ல இருந்தப்போ இன்னிக்கி லீவு."

"மஸ்கட் கோடவுன்ல லீவு கெடையாது, கேட்டேளா."

அவன் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டான். வங்கி விடுமுறை என்பதால் நானும் கிளம்பினேன்.

ஸ்டூடியோவில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். கணினிகளின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எனிக்கும் ஒரு வல்லாய்ம உண்டு சேச்சி," என்றாள். மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது என்று பொருள். கணினியில் கையால் திருத்திவிடக் கூடாதா என்று கேட்டேன். திருத்தலாம், ஆனால் உடம்பின் அசைவை மட்டும் பதிவு செய்தபடியே அனுப்ப வேண்டும் என்பதுதான் மாதிரிக்கு நிபந்தனையாம். வெறும் தரையில் ஓடினால் கால் வழுக்காது, வழுக்காத கால் திரையில் பொய்யாகத் தெரியும் என்றும் சொன்னாள்.

முதல் ஓட்டத்தில் தம்பியின் கை கண்ணுக்குப் போயிற்று. அடுத்ததில் கையை வலுக்கட்டாயமாக இடுப்போடு அழுத்திக்கொண்டு ஓடினான். இந்தத் தடவை கால்கள் காகிதங்களுக்கு இடையே தெரிந்த தரையாகத் தேடித் தேடி விழுந்தன. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தாதா பாண்டி ஆடுவது போல இருந்தது. இயக்குநர் அச்சடித்த தாள்களை வாரிவிட்டு வெள்ளைத் தாள்களைப் பரப்பினாள்.

"ஒண்ணும் எழுதியிட்டில்ல சேட்டா. வெறும் பேப்பராணு."

"இதுவும் பேப்பர் தானே மோளே," என்றான் தம்பி பரிதாபமாக. கை மறுபடி போயிற்று.

பிளாஸ்டிக் தாள் போட்டுப் பார்த்தார்கள். அதில் கண்ணை ஒற்றவில்லை. நிஜமாகவே வழுக்கி விழுந்தான். எல்லோரும் ஓடிப் போய்த் தூக்கினார்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். அந்தக் கறுப்பு உடையில், வெள்ளைக் குண்டுகளோடு, தலையைத் தொங்கப்போட்டு அவன் உட்கார்ந்திருந்ததையும் மேலே இருந்த கேமராக்கள் பதிவு செய்துகொண்டிருந்தன. திரையில் தாதாவும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, பேசாம மஸ்கட் போயிடறேன்."

"அங்கயும் கோடவுன் பூரா அட்டையும் பேப்பரும்தாண்டா இருக்கும்," என்றேன்.

சிரித்தான். சற்று நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இயக்குநரிடம், "கைக்கு ஏதாவது குடு மோளே. ரெண்டு கையும் நெறையற மாதிரி," என்றான். திருட வந்தவன் வெறுங்கையோடு எதற்கு ஓட வேண்டும்? ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கதைக்குப் பொருந்தும் என்று அவளுக்கும் பட்டது. பூஜைக்கு அவலும் பொரியும் வந்திருந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. கனத்துக்காக அதற்குள் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி, மூடி ஒட்டி, அவன் கையில் கொடுத்தார்கள்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். கால்கள் காகிதங்களின் நட்டநடுவில் விழுந்தன. தாள்கள் சறுக்கின, கிழிந்தன, பறந்தன. கைகள் பெட்டியை விட்டு அசையவில்லை. கோடியில் போய் நின்று மூச்சு வாங்கினான். யாரோ கைதட்டினார்கள்.

இயக்குநர் பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். நிறுத்தினாள். பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். முதல் காகிதத்தில் கால் படும் இடத்தில், உருவத்தின் தலை குனிந்து, முகவாய் பெட்டியின் விளிம்பைத் தொட்டு நிமிர்ந்தது. கை போக முடியாததால் தலை வந்திருந்தது.

"சேட்டா, தல…" என்றாள்.

"தலைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. கழட்டித்தான் வைக்கணும்."

வேறு நேரமில்லை. கால் நன்றாக இருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, தலையை அவர்கள் என்ன நினைத்துக்கொள்வார்களோ நினைத்துக்கொள்ளட்டும் என்று அதையே அனுப்பினாள். போன தடவை தெரியாமல் போனது. இந்தத் தடவை தெரிந்தே போனது. அதனால் காத்திருப்பது கடினமாக இருந்தது. காகிதங்களை எல்லோருமாகச் சேர்ந்து பொறுக்கினோம். ஒவ்வொருவரும் எடுத்த தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுக்கினோம். தம்பி கிழிந்த துண்டுகளைத் தேடித் தேடி எடுத்தான்.

ஐப்பசியின் துலா மழை தொடங்கி, தினமும் மாலையில் இடி இடித்தது. மஸ்கட்டிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தது. தம்பி பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் மனைவி அதன்மேல் ஒன்றும் வைக்காமல், அதை எடுத்து உள்ளேயும் வைக்காமல், சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தபோதுதான் இயக்குநர் கூப்பிட்டாள். தம்பி ஒலிபெருக்கியில் போட்டான். அவர்களுக்குப் பெட்டி பிடித்துவிட்டதாம். கையில் பெரிய பெட்டி இருந்தால் கால் வைக்கும் இடம் தெரியாது, அதனால் தலையைக் குனிந்து பார்க்கிறான், மிக இயல்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்களாம். திங்கட்கிழமை வந்து நியமன உத்தரவை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"தலைய மாத்தச் சொல்லலியோ?" என்று தம்பி மறுபடி கேட்டான்.

"இல்ல சேட்டா. அங்கனெ மதி."

அப்படியே இருந்தால் போதுமாம். அவன் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்து மஸ்கட்டுக்குப் பேசினாள்.

"அண்ணா, அவர் வரல… இல்ல, இங்கயே வேல ஸ்திரமாயிடுத்து… ஆமா, கழக்கூட்டத்துலதான்… என்ன வேலையா?" ஒரு கணம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "தாதா வேல."

மறுமுனையில் அவள் அண்ணா ஏதோ உரக்கக் கேட்டார்.

"பயப்படாதேண்ணா," என்றாள். "திருந்தியாச்சு. இப்போ கவர்மெண்டுக்குத்தான் திருடறார்."