விமானம் ஏறிய பால்சுறா

விமானத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் லட்சணத்தைப் பற்றிக் கேட்டால் நான் நிறையவே சொல்வேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எங்கே ஒழுங்கு தப்புகிறார்கள் என்று பார்ப்பது கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனதுதான் எங்களுக்கு முதல் விமானப் பயணம். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பாதிப் பேரை மனதுக்குள் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டேன். முன் வரிசைக்காரர் ஊர் உலகத்துக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் சீட்டைச் சாய்த்த சாய்ப்பில் என் முழங்கால் நசுங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு கைப்பிடிகளையும் பட்டா போட்டுக்கொண்டாள்.

"இந்தா, சும்மா வா. இது ஒன் பள்ளிக்கூடம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருப்பவர். எங்கள் மகளுக்கு ஹைதராபாத்தில், குறித்த தேதிக்கு முன்பாகவே பிரசவமாகிவிட்டது. "பால் பத்தலம்மா. புள்ள அழுதுக்கிட்டே கெடக்கு. அய்யாகிட்ட சொல்லிப் பால்சுறா கொண்டு வாங்க" என்று போனில் அழுதாள். எங்கள் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிப் போடாத வீடு கிடையாது. அதைத் தின்றால் பால் ஊறும் என்பார்கள். நானும் தின்றுதான் இவளுக்குப் பால் கொடுத்தேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். பச்சைச் சுறாவுக்கு வழியே இல்லை. கருவாடாவது கிடைக்காதா என்று அவர் பாம்பன், மண்டபமெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் தங்கள் மருமகளுக்கென்று வைத்திருந்ததில் பாதியைக் கெஞ்சி வாங்கி வந்தார். பெரிய பெட்டியில் போட்டால் எங்கேயாவது தொலைத்துவிடுவார்கள் என்று பயந்து கைப்பையில் வைத்துக்கொண்டார். சோதனை செய்தவர்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பை எங்கள் தலைக்கு மேலே இருந்த அடைப்புக்குள் போனது.

விமானம் கிளம்பி உயரத்துக்குப் போனதும் பின்னாலிருந்து ஒரு பெண், "என்ன இது, இப்படி நாறுது?" என்றாள். ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. ஆனாலும் நான்கு பேர் மூக்கைப் பொத்தினால் ஐந்தாவது ஆளுக்கும் கை தானாக மேலே போகிறது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். போதாதா?

"சார், மொதல்ல ஷூவப் போடுங்க. நாலு பேர் இருக்கிற எடம்" என்றார் ஸ்பீக்கர்காரர்.

"வீட்டுல இருக்கிற மாதிரி இருந்தா எப்படிங்க?" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

அந்த மனிதர், "புது ஷூ, கடிச்சிருச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி காலைத் திணித்துக்கொண்டார். எனக்குப் பரம திருப்தி.

வாடை போகவில்லை. பணிப்பெண் வந்து ஒவ்வொரு அடைப்பாகத் திறந்து பார்த்தாள். எங்களுக்கு மேலே இருந்ததைத் திறந்தபோது அவளே ஒரு அடி பின்வாங்கினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். பிறந்ததிலிருந்து கருவாடு காயும் மணலில் நடந்தவர்கள் நாங்கள். அந்த வாடை எங்கள் மூக்குக்கு எட்டுவதே இல்லை.

"எங்க பைதாம்மா. கருவாடு" என்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். படகு இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்துகிற மனுஷனுக்கு அன்றைக்கு வாயிலிருந்து காற்றுதான் வந்தது. "பிளைட்ட மீன் மார்க்கெட்டா ஆக்கிட்டாங்க" என்றார் ஸ்பீக்கர்காரர். சுற்றிலும் சிரிப்பு. பணிப்பெண் சிரிக்காமல் பொட்டலத்தை இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டிப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். என் வீட்டுக்காரர் கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

ஷூக்காரர் இந்தப் பக்கம் சாய்ந்து, "பால்சுறாவாண்ணே?" என்று கேட்டார். இவர் தலையாட்டினார். "எனக்கு ஊரு அபிராமம். எம் மகளுக்கும் ஒங்க பக்கமிருந்துதான் வாங்கிட்டுப் போனோம். ஏறும்போதே வாடை தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏங்க சொல்லாம இருந்தீங்க?" என்றேன்.

"புள்ள பெத்தவளுக்குப் போற பொருளு. அத எப்படிம்மா காட்டிக் குடுக்கிறது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

விமானம் நிற்பதற்குள் எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள். நாங்கள் கடைசியாக இறங்கினோம். பணிப்பெண் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தபோது இவர் நின்றார். கண்ணாடிக்கு வெளியே மாப்பிள்ளை கையசைத்துக்கொண்டிருந்தார். கருவாடே ஆக்காத குடும்பம் அவருடையது. கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"மாப்பிள்ள கார்ல வாடை அடிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "அவரும் மூக்கப் பொத்திட்டா நான் தாங்க மாட்டேன்."

வாசலோரம் உள்பக்கமாக இருந்த குப்பைத்தொட்டியில் பொட்டலத்தைப் போட்டார். மெதுவாகத்தான் போட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மகள் போனில் அழுதது அந்த நேரம் என் காதில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிரித்தவர்களின் சத்தம்தான் கேட்டது. விட்டது சனியன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மாப்பிள்ளை எங்களைக் காருக்கு அழைத்துப் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் மூடி போட்ட புது வாளி ஒன்றை வைத்திருந்தார்.

"எங்க மாமா சுறா? இதுல வச்சிருங்க. இங்க கடை கடையாத் தேடிட்டேன், கிடைக்கவே இல்ல. அவ காலையில இருந்து மூணு தடவ போன் பண்ணிட்டா."

என் வீட்டுக்காரர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, எம் மகளுக்குக் கொண்டு வந்தது உள்ள கெடக்கு. ஒரு நிமிசம் விடுப்பா" என்று தமிழில் கெஞ்சினார். பின்னாலேயே ஓடிவந்த மாப்பிள்ளை இந்தியில் என்னவோ சொல்லிப் பார்த்தார். வெளியே வந்தவர்களை மறுபடி உள்ளே விடுவதில்லை என்று காவலர் தலையை ஆட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துப்புரவுப் பெண் ஒருத்தி வந்து, தொட்டியிலிருந்த கறுப்புப் பையை உருவி முடிச்சுப் போட்டாள். "ஏம்மா, ஏய், இங்கன பாரும்மா" என்று இவர் கண்ணாடியைத் தட்டினார். அவள் பையை வண்டியில் தூக்கிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.