பேக்கரிக்காரர் வீட்டு ரொட்டி

ரொட்டி பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஷாஹிஸ்தா முகர்ந்து பார்ப்பாள். பிறகு கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அமுங்கிய இடம் மேலே எழும்பினால் அப்படியே காலைப் பலகாரம். எழும்பாவிட்டால் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டல். ஓரத்தில் பச்சை தெரிந்தால் பக்கத்து வீட்டுச் சாலம்மாளின் ஆட்டுக்கு. "ஆட்டுக்கும் நமக்கும் ஒரே கடைதான் போ" என்றபடி சுவருக்கு அந்தப்பக்கம் நீட்டுவாள். சாலம்மாள் சிரிப்பாள். ஷாஹிஸ்தா சிரிக்க மாட்டாள்.

தம்மம்பட்டியில் பேக்கரி வைத்திருக்கும் சமியுல்லாவின் மனைவி அவள். கெங்கவல்லி வரைக்கும் டீக்கடைகளுக்கு ரொட்டி போடுகிற லைன் வண்டி, விற்காமல் கிடந்ததைத் திரும்ப எடுத்து வரும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். ரிட்டர்ன் நேராக வீட்டுக்கு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மகள் தஸ்லீமைப் பெற்று வளர்த்து சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கட்டிக்கொடுத்து, இதோ பேரப்பிள்ளைகள் பார்த்தாயிற்று. இன்றுவரை அந்த வீட்டில் ரொட்டி என்றால் ரிட்டர்ன்தான். உப்புமா, அல்வா, வடை என்று அதற்கு அவள் போடாத வேஷமில்லை. "ரொட்டிக்கு மேக்கப் போடுறதுலயே என் ஆயுசு போச்சு" என்பாள்.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. "உனக்கென்னம்மா, பேக்கரிக்காரர் வூடு. நெனச்சா கேக்கு, நெனச்சா பன்னு" என்று கல்யாண வீடுகளில் பெண்கள் சொல்லும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டாள். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, சமியுல்லா ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார்: "சூட்டு ரொட்டி வயித்துக்கு ஆகாதும்மா. ஆறி அடங்குனாத்தான் ஒடம்புக்கு நல்லது." ரொட்டி அடுப்போடு கிடக்கிற மனுஷர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். நம்பினாளே, அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவர் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்கக் கடைக்குப் போனாள். அவள் கடைப்பக்கம் போவதே அபூர்வம். முன்னால் ஒரே கும்பல். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இவர் கூவிக்கொண்டிருந்தார்: "வாங்க வாங்க, இப்பத்தான் எறக்குனது. சூட்டோட சாப்புடுங்க, வாயில வெச்சா கரையும். கொழந்தைக்குக்கூட குடுங்க, ஒண்ணும் பண்ணாது." ஊரிலுள்ள பச்சைக் குழந்தைக்கு ஒன்றும் செய்யாத ரொட்டி, இவள் வயிற்றை மட்டும் என்ன செய்துவிடுமாம்? சாவியை மேஜைமேல் விசிறிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன். "வூட்லயே ரொட்டி சுடுற மெஷின் வாங்கியிருக்கேன்னியே, அது உருப்படியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபேர்லேண்ட்ஸுக்குப் போய் மெஷினுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாவு, தண்ணீர், ஈஸ்ட் போட்டு மூடினால் அதுவே பிசைகிறது, அதுவே பொங்கவைக்கிறது, அதுவே வேகவைக்கிறது. பிசையும்போது மேடையே அதிர்கிறது. அரை நாள் காத்திருந்தால் ஒரே ஒரு ரொட்டி, அதுவும் தலை கோணல். பிசைகிற தகடு மாட்டிக்கொள்வதால் அடியில் ஓர் ஓட்டை. ரொட்டிக்கே வாழ்க்கைப்பட்டவளுக்குக் குறை தெரியாமல் போகுமா?

"பன்னெண்டாயிரம் குடுத்து வாங்குற பொருளாடி இது? இந்த ஓட்டை ரொட்டிக்கு?"

"அப்ப வேணாம்னு வுட்ரும்மா."

"நான் வேணாம்னா சொன்னேன்?" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் பழக்கம் விடவில்லை. சுடச்சுட வெளியே எடுத்ததை, ஆறட்டும் என்று ஓரமாக வைத்தாள். ஆறுவதற்குள் பேரப்பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். கிளம்பும்போது தஸ்லீம் அதே மெஷினை அம்மாவின் போனில் தேடி எடுத்து, எங்கே அழுத்த வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தாள்.

அவள் மெஷின் வாங்கப் பார்ப்பதைக் கேள்விப்பட்டதும் சமியுல்லா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "பேக்கரிக்காரன் வூட்ல ரொட்டி மெஷினா? லைன்ல ஒருத்தன் எங்கிட்ட சரக்கு எடுப்பானா? இவன் ரொட்டிய இவன் பொண்டாட்டியே திங்கலைன்னு சிரிப்பானுங்க."

"திங்காமத்தான் இருந்தேனா? வேற எவளாச்சும் திம்பாளா உங்க ரிட்டர்ன?"

"வீணாப் போவுதேன்னுதானே..."

"வீணாப் போறதக் கொட்ட என் வயிறு என்ன குப்பைத்தொட்டியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் பேச்சு இல்லை. தட்டு மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் முன்னால் ணங்கென்று வந்து விழும். மெஷினை வாங்குவதா வேண்டாமா என்று போனைப் பார்ப்பாள், அந்த ஓட்டை ஞாபகம் வரும், வைத்துவிடுவாள். தண்டச் செலவுதான், அதில் அவளுக்கே சந்தேகமில்லை.

நேற்று மஃரிப் தொழுகைக்கு முன்னால் சமியுல்லா வீட்டுக்கு வந்தார். கையில் நாளிதழில் சுற்றிய ஒரு முழு ரொட்டி. தாளில் ஆவி கசிந்து ஈரமாகியிருந்தது.

"இந்தா, இப்பத்தான் எறக்குனது. இனிமே தெனம் ஒண்ணு கொண்டாந்துர்றேன். அந்த மெஷின் கருமம் நமக்கு வேணாம். என்ன?"

வாங்கினாள். கத்தியெல்லாம் தேடவில்லை, கையாலேயே பிய்த்தாள். உள்ளேயிருந்து புகை கிளம்பி முகத்தில் அடித்தது. ஒரு வாய் போட்டாள். அல்லாவே, இப்படியா இருக்கும்! மெல்லவே வேண்டியிருக்கவில்லை. இன்னொரு வாய். கண் கலங்கிவிட்டது.

"நல்லாருக்குல்ல?" சமியுல்லாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள். "எவ்ளோ நேரமாச்சு, கடையிலேர்ந்து இதக் கொண்டாற?"

"என்ன, நாலு சந்துதானே. நடந்தே வந்துட்டேன்."

நாலு சந்து. கையிலிருந்ததை வாயில் போட்டு விழுங்கினாள். அப்போதுதான் உள்ளே நிஜமாகக் கொதித்தது. கடையும் நகரவில்லை, வீடும் நகரவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட இந்த மனுஷருக்கு இது தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு மெஷின் பேச்சு வர வேண்டியிருந்தது.

அலமாரி மேலிருந்த போனை எடுத்தாள். மெஷின் படம் வந்தது. அதற்குக் கீழே, வாங்குவதற்கான இடத்தில் அழுத்தினாள். ரொட்டி எண்ணெய் பட்ட விரலுக்கு போன் மசியவில்லை. சமியுல்லாவின் தோளில் கிடந்த துண்டை இழுத்து, விரலை அழுந்தத் துடைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினாள்.