சித்தப்பாவுக்கான மன்றாட்டு

எங்கள் மாதா கோயிலில் நாட்டை ஆளுகிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வேண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆட்சி மாறியிருக்கிறது, கொடி மாறியிருக்கிறது, மன்றாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் வேண்டியும் அவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்றால் கோளாறு எங்கே என்று ஆண்டவரிடம் ஒரு நாள் கேட்டுவிட வேண்டுமென்று நினைப்பேன். கேட்க வாய் வருவதில்லை. ஒன்பது வயதில் நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்துவிடும்.

கோயில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கன்டெய்னர் லாரி போனால் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அது கடந்து போகும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு. வாரம் ஒரு தெருவின் முறை. அந்தத் தெருக்காரர்கள் கூடி யார் யாருக்காக வேண்டுவது என்று எழுதி, ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்காக மன்றாட்டு வாசிக்கப்படுகிறதோ, அந்த வீட்டார் ஒருவர் எரிகிற மெழுகுவர்த்தியோடு நடுவழியில் வந்து பீடத்தின் கீழே வைக்க வேண்டும். பெயரை வாசித்த பிறகுதான் வைக்கலாம். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் மொத்தமும் சொல்லும். மெழுகுவர்த்தி வைத்துவிட்டுக் கண் கலங்காமல் திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு சித்தப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. அவர் அப்பாவின் தம்பி. முகத்துவாரத்தில் வலை போட்டு இறால் பிடிப்பவர். கரையோரம் ஒரு கம்பெனி சாம்பல் தண்ணீரை ஆற்றில் விட ஆரம்பித்ததிலிருந்து வலையில் சேறுதான் வந்தது. தப்பி வந்த நாலு இறாலும் மண்ணெண்ணெய் நாறியது. குப்பத்து ஆட்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் லாரிகளை மறித்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். எவனோ கல்லெறிந்தான். எறிந்தவன் ஓடிவிட்டான். தான் எதுவும் செய்யவில்லையே என்று உட்கார்ந்தே இருந்த சித்தப்பாவை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

தெருவில் 'ரவுடி கேஸ்' என்று பேச ஆரம்பித்தார்கள். சித்தி மீன் கூடையோடு போனால், கூப்பிட்டு நிறுத்தி வாங்கியவர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளோடு நின்று பேசினால் நம் வீட்டு ஆளையும் தேடி வருவார்களோ என்ற பயம். அடுத்த ஞாயிறு எங்கள் தெருவின் முறை என்று தெரிந்ததும் சித்தி அப்பாவைத் தேடி வந்தாள்.

"எனக்கு வேற இன்னாவும் வோணாம். கோயில்ல அவரு பேர ஒரு தபா சொல்லிடுங்க. ஜனமெல்லாம் சேர்ந்து கேட்டருளும்னு சொல்லட்டும். அப்பால எவன் அவர ரவுடின்றான்னு பாக்குறேன்."

அப்பா தன் முத்து முத்தான கையெழுத்தில் ஐந்து மன்றாட்டுகள் எழுதினார். நாலாவது சித்தப்பாவுக்கு. 'ஆற்றையும் பிழைப்பையும் காக்கக் குரல் கொடுத்துச் சிறையிலிருக்கும் எம் சகோதரர்' என்று தொடங்கி அவர் ஞானஸ்நானப் பெயர் வரும். அந்த இடத்தில் நிறுத்தி, நிதானமாகப் படிக்க வேண்டும் என்று அப்பா எனக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்தார். சித்தி தினமும் சாயந்திரம் கூடையை இறக்கிவிட்டு வந்து கேட்பாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. 'மூணு முடிஞ்சதும் நான் கெளம்பணும்' என்று விரலை மடக்கி மடக்கி ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்கள் கோயிலுக்கு வேட்பாளர் வருவதாகச் சேதி வந்தது. அழைத்தவர் மாமா. அம்மாவின் அண்ணன், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் பெரிய ஆள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பூசைக்கு முன், சாமியார் உடை உடுத்தும் அறையில் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். நாலாவது மன்றாட்டின் மேல் பேனாவால் ஒரு இழுப்பு இழுத்தார்.

"இத்த வுட்டுட்டுப் படி கண்ணு. கோயில்ல அரசியல் பேசக்கூடாது."

பக்கத்தில் நின்ற அப்பா தாளைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். சாமியார் இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். அந்த முடிச்சு அன்று வெகுநேரம் சரியாக விழவேயில்லை. கடைசியில் அப்பா என் தலையைத் தடவி, "மாமா சொல்ற மாதிரியே படிச்சிடும்மா" என்றார். மாமா வாசலுக்கு ஓடி, கோயிலில் அரசியல் கூடாது என்ற அதே வாயால் வேட்பாளரை "வாங்க வாங்க" என்று வரவேற்று, முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்.

நான் வாசித்தேன். திருச்சபைக்காக முதல் மன்றாட்டு. இரண்டாவது ஆளும் தலைவர்களுக்காக. அதற்கு எப்போதும் யாரும் மெழுகுவர்த்தி கொண்டுவருவதில்லை. அன்று மாமா ஒன்றைக் கொளுத்தி வேட்பாளர் கையில் கொடுக்க, அவர் பயபக்தியோடு கொண்டுபோய் வைத்தார். மூன்றாவது, பக்கத்து வீட்டு நோயாளிக்காக. அது முடிந்ததும் சித்தி பின்வரிசையிலிருந்து கிளம்பிவிட்டாள். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். இரண்டு கையாலும் சுடரை மறைத்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் அடுத்ததைப் படித்தேன். அது மரித்த விசுவாசிகளுக்கான மன்றாட்டு.

சித்தி பாதி வழியில் நின்றாள். பெயர் வரவில்லை, வைக்கக் கூடாது. திரும்பிப் போகவும் தோன்றவில்லை போலிருக்கிறது. இறந்தவர்களுக்காக ஜனங்கள் எல்லாம் சத்தமாகக் கேட்டருளும் என்று சொல்ல, உயிரோடு இருக்கிற புருஷனின் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அவள் நடுவில் நின்றாள். மெழுகு விரலில் வழிந்துகொண்டிருந்தது. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பீடத்தில் சாமியார் வழக்கம்போல் கை கழுவினார். ஒவ்வொரு பூசையிலும் கழுவுவதுதான், ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சடங்கை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை.

பூசை முடிந்ததும் வேட்பாளருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அதை எடுத்து எனக்குப் போர்த்தி, "கணீர்னு படிச்சியே, நீ கலெக்டர் ஆவ" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அவர் ஜெயித்தார். சாம்பல் நின்றபாடில்லை. சித்தப்பா சில மாதம் கழித்து வெளியே வந்தார். ஆற்றில் பிழைப்பு இல்லாமல், கடைசியில் அதே கம்பெனியில் காக்கிச்சட்டை மாட்டிக்கொண்டு லாரிகளுக்கு கேட் திறந்துவிடும் வேலைக்குப் போனார். பசித்தவர்களும் சிறைப்பட்டவர்களும் நானே என்று சொன்ன ஆண்டவரை நாங்கள் ஞாயிறுதோறும் கும்பிடுகிறோம். தேர்தல்தோறும் முதல் பெஞ்சைத் துடைத்தும் வைக்கிறோம். இப்போது எங்கள் தெருவின் முறை வந்தால் மன்றாட்டு எழுதுகிறவள் நான்தான். தண்ணீர் கேட்டதற்கும் நிலம் கேட்டதற்கும் யார் யாரையோ பிடித்துப் போவதைச் செய்தியில் பார்க்கிறேன். ஒருவர் பெயரையும் எழுதுவதில்லை. 'துன்புறும் அனைவருக்காகவும்' என்று எழுதிவிடுகிறேன். அனைவருக்காகவும் வேண்டினால் யாருக்கும் கோபம் வராது. மாமாவின் பேனா இப்போது என் கையில் இருக்கிறது, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் சால்வையைக் கழற்றாமல் நடந்துகொண்டிருந்தேன். சித்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சால்வையின் நுனியை நேராக இழுத்துவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை.

"அவ்ளோ ஜனத்தப் பாத்து பயந்துகினு ஒண்ண வுட்டுட்ட, இல்ல? பரவால்ல கண்ணு. சின்னப்புள்ள தானே நீ. சாமியாராண்ட கேட்டுகினு அடுத்த வாரம் படிச்சிடலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கலெக்டர் ஆகப் போகிறவளைப் பார்த்துப் பயந்துவிட்டாய் என்கிறாளே!

"நான் ஒண்ணும் பயப்புடல. நான் வுடவும் இல்ல. மாமா அத்த அடிச்சிட்டாரு. அப்பா பாத்துட்டுத்தான் அப்டியே படின்னு சொன்னாரு."

"அப்பாவா?"

"ஆமா. வோணும்னா பாரு." ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்தேன். நாலாவது மன்றாட்டின் மேல் ஓடிய கோட்டை விரலால் தொட்டுக் காட்டினேன்.

சித்தி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குளியலறையில் அப்பா தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இத்தனை சொல்லியும், நான் நன்றாகப் படித்தேன் என்று சித்தி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று.