கேட்காமல் எடுத்த குரல்

நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு மையத்தின் வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு நிற்கிறது. எங்களிடம் சிகிச்சைக்கு வரும் அண்ணாச்சி சக்கர நாற்காலியில், கையில் மைக். ‘இழந்த குரலை மீட்டுத் தந்தோம்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழையும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

என் வேலைக்குப் பொழுதுபோக்குச் சிகிச்சை என்று பெயர். சொன்னால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். “தாயம் உருட்டதுக்கா ஒனக்குச் சம்பளம் தாராவ?” என்பாள் என் அக்கா. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களை, பேச்சுப் போனவர்களை, அவரவருக்குப் பிடித்த விளையாட்டு, பாட்டு, கைவேலை வழியாகப் பைய மீட்டுக் கொண்டுவருவதுதான் அது. எதற்கும் மசியாத விரல் பல்லாங்குழிக்கு அசைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி ஆழ்வார்திருநகரிப் பக்கம். வாழை போடுகிறவர். அவர் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் கபடிப் போட்டி நடக்கும். மைக்கில் வர்ணனை சொல்வது அவர்தான். அவர் “ஆடுங்கலே” என்று சொன்ன பிறகே நடுவர் விசில் ஊதுவார். அதுவரை எந்த அணியும் கோட்டை மிதிக்காது. அந்த ஊர் வழக்கம் அப்படி. பக்கவாதம் வந்து வலது கை காலையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அவருக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று நானும் ஏஐயைக் கேட்டவள்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயர், ஊர், படம் எதையும் அதனிடம் கொடுக்க மாட்டேன். கபடிப் பைத்தியமான, பேச்சுப் போன ஒருவர் என்று மட்டும் சொன்னேன். வந்ததில் பாதி குப்பை. உட்காரவே ஆள் பிடிக்க வேண்டிய மனுசரை எழுந்து நின்று கை தட்டச் சொன்னது. ஒரே ஒரு யோசனை உருப்படியாக இருந்தது. பழைய ஆட்டத்து வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அவரையே வர்ணனை சொல்ல வைப்பது. அதையும் அவரிடம் விளக்கி, “செய்வமா அண்ணாச்சி?” என்று கேட்டேன். இடது கைக் கட்டைவிரலைத் தூக்கினார். அப்புறம்தான் ஆரம்பித்தேன்.

அவர் மகள், அவர் வர்ணனை சொன்ன பழைய போட்டிகளின் பதிவுகளைத் தேடிப்பிடித்து, பயிற்சிக்கென்று என்னிடம் தந்தாள். முதலில் “ஆ” வந்தது. “ஆடு” வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பொங்கலுக்கு மைதானத்துக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் ஆசை இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் தை மாதத்தில் விரலை வைத்து, தன் வாயைத் தொட்டுக் காட்டியவர் அவர்தான். மார்கழிக் கடைசியில் “ஆடுங்கலே” முழுசாக வந்தது. இழுத்துக் குழறி, எச்சில் ஒழுக வந்தது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

எங்கள் மேனேஜருக்கு அந்தக் குழறல் போதவில்லை. என் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பதிவுகளை எடுத்து ஏஐயில் போட்டு, அண்ணாச்சி குரலிலேயே ஒரு முழு வர்ணனையைத் தயார் செய்து வைத்திருக்கிறார். மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொங்கலன்று மைதானத்தில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, மைக்கை அவர் இடது கையில் கொடுத்தேன். வாயைக் கூட்டி, மூச்சைப் பிடித்து, “ஆ” என்று எடுத்தார். அதற்குள் ஸ்பீக்கரில் அவர் குரலே கணீரென்று “ஆடுங்கலே” என்றது. பழைய குரல். ஒரு பிசிறு கிடையாது. ஊரே எழுந்து நின்று கை தட்டியது, விசில் ஊதியாயிற்று, ஆட்டமும் தொடங்கியாயிற்று. வர்ணனை, நடக்கிற ஆட்டத்தோடு ஒட்டாமல், அது பாட்டுக்கு ஓடியது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மைக்கை மடியில் வைத்துவிட்டார்.

நான் நேரே மேனேஜரிடம் போனேன்.

“யாரைக் கேட்டு சார் இதச் செஞ்சிய?”

“ஒரு சர்ப்ரைஸ்தான மேடம். ஊரே சந்தோசப்படுது, நீங்க மட்டும் மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கிய.”

“அவரு பேசதுக்கு வந்திருந்தாரு சார்.”

“அதான் பேசிட்டாருல்லா.”

இந்த ஆளிடம் அதற்கு மேல் என்ன பேச? மகளும் நானும் மேலிடத்தில் புகார் கொடுத்தோம். நல்லெண்ணத்தில் நடந்தது என்று சொல்லி மூடிவிட்டார்கள். நல்லெண்ணமாம், மண்ணாங்கட்டி. எனக்கு மெஷின் மேல் கோபமில்லை, அதை இன்றைக்கும் பயன்படுத்துகிறேன். கட்டைவிரலைத் தூக்கியோ தலையை ஆட்டியோ பதில் சொல்லத் தெரிந்த மனுசரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத திமிரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து பயிற்சிக்கு வந்தார். சத்தமில்லாமல் வீடியோவைப் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

“கொழறுனா என்ன அண்ணாச்சி, நீங்க சொல்லதுதான் எங்களுக்கு வேணும்” என்றேன்.

“எப்பா, ஒருக்கச் சொல்லுங்கப்பா” என்று மகள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

அவர் இடது கையை நீட்டி, மேசைமேல் இருந்த ஸ்பீக்கரைக் காட்டினார். அது பேசட்டும் என்கிறார். முகத்தில் கோபம்கூட இல்லை. மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வாய் சோற்றுக்கு மட்டும்தான் திறக்கிறது.