கிராணி வீட்டு முன்வாசல்

மலேசியாவில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டே கதைகளும் எழுதியவரின் வீட்டை நினைவில்லமாக்கியிருக்கிறார்கள். போன மாதம், பனி விலகாத ஒரு காலையில், அம்மாவை அங்கே அழைத்துப் போனேன்.

அம்மா பிறந்தது அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில். சிறு வயதில் தினமும் அந்த வீட்டுக்கு மாட்டுப்பால் கொண்டுபோய் ஊற்றியவள். மாட்டுப்பால் என்றே சொல்ல வேண்டும். தோட்டத்தில் வெறும் பால் என்றால் அது ரப்பர் பால்தான். லயத்து ஜனங்களுக்கு அங்கே பின்வாசல் மட்டும்தான். "ஒரு தடவையாச்சும் முன்படி ஏறி உள்ள போவணும்லா" என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை.

வீட்டைச் சுற்றியிருந்த செடிகளெல்லாம் பனியில் மிதப்பதுபோல் இருந்தன. மனோரஞ்சிதம் எங்கே பூத்திருக்கிறது என்று தெரியவில்லை, வாசம் மட்டும் கூடவே வந்தது. நான் வாசத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தால், பின்பக்கம் பூட்டிக் கிடந்த சமையலறைக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். கால் தானாக வந்துவிட்டதாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கேலி செய்தேன். ஆனால் கோபம் வந்தது. எங்கள் ஜனங்களைப் பற்றி உருகி உருகி எழுதியவர் அவர். படித்துவிட்டு அழுதிருக்கிறேன். அவர் வீட்டிலுமா இப்படி?

கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டி வந்தேன். அம்மா சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். உள்ளே பிரம்பு நாற்காலி, டைப்ரைட்டர், மூக்குக்கண்ணாடி. இலைகளின் பச்சை நிழல் தரையில் அசைந்துகொண்டே இருந்தது. அம்மா எதையும் தொடவில்லை. ஜன்னல் ஓரமாக வெகுநேரம் நின்று, உள்ளேயிருந்து பார்த்தால் தோட்டம் இவ்வளவு அழகா என்று மெதுவாகக் கேட்டாள்.

சுற்றி முடித்ததும், அங்கே வேலை பார்க்கும் இளம்பெண் சமையலறைப் பக்கம் கைகாட்டினாள். வெளியே போகிறவர்களுக்கு அந்தக் கதவைத்தான் திறந்துவிடுவார்களாம். முன்வாசல் உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் என்று, நாங்கள் நுழைந்ததும் கயிறு கட்டியிருந்தாள். கையில் சாவியோடு அவள் முன்னால் நடந்தாள். அம்மா நகரவில்லை.

"நான் அந்தப் பக்கம் நெறைய போயிட்டேன்மா. இன்னிக்கு முன்னாலயே போறேன்."

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.